காய்ந்த புல்லெல்லாம் செத்த புல் அல்ல!



சித்திரை, வைகாசி வந்தால் மைதானம் பழுப்பாகிவிடும். "புல்லு செத்துப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். செத்ததா, உறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. சிவில் பிரிவில் படிக்கும் எனக்கு மண்ணும் தண்ணீரும் பாடம் என்பதால், புல் வறட்சியைத் தாங்கும் விதத்தைப் பற்றி அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

புல் வறட்சியைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு.

1. தப்பிப்பது: மழை பெய்ததும் முளைத்து, அவசரமாகப் பூத்து, விதையை மண்ணில் போட்டுவிட்டுச் செத்துப்போகும் புற்கள் உண்டு. அவற்றுக்குக் கோடை என்பதே தெரியாது. விதைதான் கோடையைக் கடக்கிறது.

2. தேடிப் போவது: மேல்மண் காய்ந்தாலும், வேரை ஆழமாக விட்டு அடியில் உள்ள ஈரத்தை எடுப்பது.

3. உறங்குவது: இலையைக் காயவிட்டு, மொட்டை மட்டும் உயிரோடு காப்பது.

நம்ம அருகம்புல் பின்னிரண்டையும் செய்கிறது. தரைமேல் ஓடும் தண்டு போதாதென்று, மண்ணுக்குள்ளும் ஒரு தண்டு ஓடுகிறது. மேலே எல்லாம் கருகினாலும், உள்தண்டின் கணுக்களில் மொட்டு காத்திருக்கும். ஒரு மழை போதும், தளிர்த்துவிடும். "அருகுபோல் வேரூன்றி" என்று கல்யாணத்தில் பெரியவர்கள் வாழ்த்துவது சும்மா இல்லை! உலகெங்கும் விளையாட்டு மைதானங்களில் பெர்முடா என்ற பெயரில் போடுவது இந்த அருகு இனத்தைத்தான்.

பங்களா வாசல்களில் மெத்தை மாதிரி இருக்கும் கொரியன் புல்லுக்கும் உள்தண்டு உண்டு. ஆனால் அது மெதுவாக வளர்வது. ஓரிடம் செத்தால், மூடுவதற்கு நாளாகும்.

காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடுகளில் இருப்பது கொழுக்கட்டைப் புல். இது கொத்துக் கொத்தாக வளரும். தூரின் அடியில் உணவைச் சேமித்து வைத்துக்கொள்ளும். கிளுவை வேலி போட்டுக் காட்டைப் பிரித்து, மாட்டை மாற்றி மாற்றி மேய விடுகிறார்கள் நம்ம விவசாயிகள். ஒட்ட மேய்ந்தால் தூர் போய்விடும், தூர் போனால் அடுத்த மழைக்குப் புல் வராது என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் உறக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரில் 2006, 2007 ஆண்டுகளில் ஒரு சோதனை செய்தார்கள். 25 வகைப் புற்களுக்கு 60 நாள் தண்ணீரே விடவில்லை. 4 அங்குல மண்ணில் நட்டவை பிழைக்கவில்லை. ஆழமான மண்ணில் நட்டவையோ, தண்ணீர் கண்டதும் பெரும்பாலும் திரும்பத் தளிர்த்தன. ஆக, எந்தப் புல் என்பதற்கு முன்னால் எத்தனை அங்குல மண் என்று கேட்க வேண்டும். கட்டட இடிபாட்டின் மேல் கொஞ்சம் செம்மண்ணைக் கொட்டிப் புல் பத்தை விரிக்கிறார்களே, அது முதல் கோடையிலேயே போவதற்குக் காரணம் இதுதான்.

தண்ணீர்க் கணக்கையும் பார்ப்போம். 1 சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். ஒரு கோடை நாளில் புல்தரை 5 மி.மீ. நீரை இழப்பதாக வைத்துக்கொண்டால், சென்ட்டுக்கு 200 லிட்டர். 10 சென்ட்டுக்கு 2000 லிட்டர், அதுவும் தினமும்! 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படியொரு வருஷத்தில் பச்சைப் புல்லுக்காக யார் வீட்டுக் குடத்தை எடுப்பது?

எனவே நாம் செய்யக்கூடியவை:

* புல் போடும் முன் இடிபாட்டை அகற்றி, ஓர் அடி ஆழமாவது மண்ணைக் கொத்திவிட வேண்டும்.
* தினம் கொஞ்சம் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழ நனைப்பது நல்லது. ஈரம் போகும் ஆழத்துக்குத்தான் வேர் போகும்.
* கோடையில் ஒட்ட வெட்டக் கூடாது.
* பழுத்த தரையில் ஒரு கைப்பிடி தோண்டிப் பாருங்கள். உள்தண்டு வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.
* உறங்கும் புல்லால் காயத்தை ஆற்றிக்கொள்ள முடியாது. அந்த நாட்களில் ஒரே இடத்தில் ஓடி ஆடாமல், ஆட்டக் களத்தை மாற்றிக்கொள்வோம்.

நாளை கட்டடம் கட்டப்போவதும், முன்வாசலில் என்ன போடலாம் என்று சொல்லப்போவதும் நாம்தான். நம்ம மண்ணுக்குப் பழகிய அருகை முதலில் நினைப்போம். இரண்டு மாதம் பழுப்பாகக் கிடந்தால் கிடக்கட்டுமே. குடிக்கிற தண்ணீர் மிஞ்சும்!