சுலைமானி டம்ளரும் ஆற்று வளைவும்

விடுமுறையிலும் பெருநாளை ஒட்டிய நாட்களிலும் குடும்பத்தோடு ஆற்றுக்குப் போவது நம் வழக்கம். போகும் முன் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு சிறு சோதனை செய்து காட்டுங்கள்.

வடிகட்டாத சுலைமானியைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, கரண்டியால் வேகமாகச் சுற்றிவிட்டு எடுத்துவிடுங்கள். சுழலும் பொருள் வெளியே தள்ளப்படும் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் தேயிலைத்தூள் ஓரத்தில்தானே ஒதுங்க வேண்டும்? ஆனால் அது அடியில், நடுவில் குவியும்.

சுழற்சியால் ஓரத்தில் நீர் உயர்ந்து, நடுவில் தாழ்கிறது. ஆகவே ஓரத்தில் அழுத்தம் அதிகம். மேலே வேகமாகச் சுழலும் நீர் அந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கும். அடியைத் தொட்டு ஓடும் நீரோ உராய்வால் வேகம் இழந்து, ஈடுகொடுக்க முடியாமல் நடுவை நோக்கித் தள்ளப்படுகிறது. தூளும் கூடவே போகிறது. ஐன்ஸ்டைன் 1926-ல் இதை விளக்கி, ஆறுகள் வளைந்து ஓடுவதற்கும் இதையே காரணமாகக் காட்டினார்.

டம்ளரின் வழவழப்பான அடியிலேயே இப்படி. ஆற்றின் அடியிலோ மணலும் கூழாங்கல்லும் சொரசொரப்பாகக் கிடக்கின்றன. வளைவில் மேல்நீர் வெளிக்கரையை நோக்கிப் பாய்ந்து, அங்கே கீழே இறங்கி, கரையின் அடியை அரிக்கிறது. வேகம் குறைந்த அடிநீர் மணலை இழுத்து வந்து உள்கரையில் சேர்க்கிறது. நாம் பாய் விரித்து உட்காரும் அழகான மணல்திட்டு இப்படி உருவானதுதான். அதற்கு நேர் எதிரே ஆழம். முழங்கால் அளவு நீரில் விளையாடும் பிள்ளை எதிர்க்கரையை நோக்கி நடக்க நடக்கப் படுகை சரிந்துகொண்டே போகும். மிதப்பவரை மேல்நீரும் அந்தப் பக்கமே தள்ளும்; அங்கே கரை செங்குத்தாக இருக்கும், ஏறப் பிடி கிடைக்காது. பாலத் தூண்களின் அடியிலும் சுழல் மணலைத் தோண்டிக் குழியாக்கிவிடும்.

நீரில் மூழ்கி மரணிப்பவருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டென்று ஹதீஸில் வருகிறது. பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அது ஆறுதல். கரையில் இருக்கும் பெரியவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க அது அனுமதி அல்ல.

வளைவைத் தவிர்த்து, ஊர்க்காரர்கள் அன்றாடம் குளிக்கும் துறையிலேயே இறங்குங்கள். நீச்சல் தெரிந்த ஒருவர், பிள்ளைகளுக்கும் ஆழமான பக்கத்துக்கும் இடையில் நிற்கட்டும். நீண்ட கயிறும் காற்றடித்த டியூபும் வண்டியிலேயே இருக்கட்டும். யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காமல் முதலில் அவற்றை வீசுங்கள். கயிறு இல்லையென்றால் துப்பட்டாக்களை முடிச்சுப் போட்டு வீசலாம்.