ஏலத்தில் எடுத்த வீரர் விலைக்கு ஏற்றவரா?

ஒப்பந்தம் முடிந்த கால்பந்து வீரரை மாற்றுக் கட்டணமின்றி இன்னொரு கழகம் எடுக்கலாம் என்பது ஐரோப்பாவில் 1995 ஆம் ஆண்டு பொஸ்மன் வழக்கில் கிடைத்த தீர்ப்பு. "இலவசம்" என்று பெயர்தான். மிச்சமான பணம் சம்பளத்திலும் கையொப்பத் தொகையிலும் ஏறிவிடும். நம் வாசகர்களுக்குப் பழக்கமான கணக்கு கிரிக்கெட்டில் இருப்பதால் அதையே பார்ப்போம்.

வனிந்து ஹசரங்கவை 2022 ஐ.பி.எல். ஏலத்தில் பெங்களூர் அணி 10.75 கோடி இந்திய ரூபாவுக்கு எடுத்தது. அன்று ஓர் அணியின் மொத்தப் பணம் 90 கோடி. அதாவது எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அந்த வருடம் அவர் எடுத்தது 26 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு ஏறக்குறைய 41 இலட்சம். அடுத்த வருடம் 9 விக்கெட். ஏலவிலையை அப்படியே வைத்தால் விக்கெட் ஒன்று 1.19 கோடி! இரண்டு வருடத்தையும் சேர்த்தால் சுமார் 61 இலட்சம். மாத்தளையில் மிளகு வாங்குபவர் ஒரு கைப்பிடியைப் பார்த்து மூடைக்கு விலை பேசுவதில்லை. ஒரு சீசனை மட்டும் பார்த்து வீரரை மதிப்பதும் அப்படித்தான்.

பெங்களூர் அவரை விடுவித்தது. 2023 டிசம்பரில் ஹைதராபாத் வெறும் 1.5 கோடிக்கு எடுத்தது. மலிவு என்று பலரும் சொன்னார்கள். ஆனால் குதிகால் காயத்தால் 2024 இல் ஒரு பந்துகூட அவர் வீசவில்லை. பின்னர் ராஜஸ்தான் 5.25 கோடி கொடுத்தது, 2025 இல் 11 விக்கெட். 2025 டிசம்பரில் லக்னோ 2 கோடிக்கு எடுத்தது. ஆள் ஒருவர்தான், விலை நான்கு.

அதே ஏலத்தில் கண்டியின் மதீஷ பத்திரணவுக்கு கொல்கத்தா 18 கோடி கொடுத்தது. அதற்கு முந்தைய சீசனில் சென்னை அணி 13 கோடிக்கு வைத்திருந்து, கிடைத்தது 13 விக்கெட். விக்கெட் ஒன்று ஒரு கோடி! விளையாட்டு இறங்கியும் விலை ஏறியதேன்? வயது ஒரு காரணம், கடைசி ஓவர்களில் பந்து வீசுபவர் குறைவு என்பது இன்னொன்று. ஆனால் பெரிய காரணம் வாங்கியவரின் பையில் இருந்தது. கொல்கத்தா 64.30 கோடியுடன் வந்தது, பத்து அணிகளில் அதுவே அதிகம். பணம் நிறைந்த வியாபாரி சந்தைக்கு வந்தால் விலை என்னாகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போட்டியாளரின் பையைக் காலியாக்கவே கை உயர்த்துவோரும் உண்டு என்று பேச்சு. வாங்கும் எண்ணமின்றி விலையேற்றும் இந்த "நஜ்ஷ்" நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஒன்று.

வீரரை "வாங்கினோம்" என்றாலும் உண்மையில் இது இஜாரா, உழைப்பைக் கூலிக்கு அமர்த்துவது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது ஆள் வேலைக்கு வருவாரா என்பது. அதோடு, களமிறங்கும் பதினொருவரில் வெளிநாட்டவர் நால்வருக்கே இடம். வெளியே உட்கார்ந்திருப்பவர் பணத்தை மட்டுமல்ல, அணியில் ஓர் இடத்தையும் பிடித்திருக்கிறார். 2024 இல் ஹசரங்கவின் இடத்துக்கு ஹைதராபாத் அழைத்தது யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்தை, 50 இலட்சத்துக்கு. அந்த அணி அந்த வருடம் இறுதிப் போட்டி வரை சென்றது.