சமணர் இல்லறமும் சட்டமும்: மணமுறிவு, குழந்தைப் பொறுப்பு

கரந்தை, கும்பகோணம், மன்னார்குடி, தீபங்குடி முதலிய ஊர்களின் ஜினாலயங்களைச் சார்ந்து வாழும் நம் குடும்பத்தார், இல்லறப் பிணக்குகளைப் பெரியோர் முன்னிலையில் தீர்த்துக்கொள்வதே பண்பு எனக் கருதி வந்துள்ளனர். பண்பு நல்லதே, ஆயினும் சட்டம் அறியாது செய்யும் சமரசம் பின்னர்ப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் கேடாய் முடிதல் கூடும். ஆதலின் சில அடிப்படைச் செய்திகளை இங்குக் காண்போம்.

நமக்குரிய சட்டம் எது?

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், இரண்டாம் பிரிவில் சமணரைப் பெயர் சுட்டியே உள்ளடக்குகிறது. 2014 ஜனவரியில் மைய அரசு சமணரைத் தேசியச் சிறுபான்மையினராக அறிவித்தது. இதனைக் காரணங்காட்டி, 2025-இல் இந்தூர் குடும்ப நல நீதிமன்றம் ஒரு சமணத் தம்பதியரின் மணமுறிவு மனுவைத் தள்ளியது. அதே ஆண்டு மார்ச்சில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. நம் சமயம் தனித்தன்மையுடையது. எனினும் மண வாழ்வில் நம்மை ஆள்வது அச்சட்டமே. சிறுபான்மை அறிவிப்பு அதனை மாற்றவில்லை.

மணமுறிவு

கொடுமை, இரண்டாண்டுக்குக் குறையாமல் கைவிட்டிருத்தல், பிறரோடு உறவு, மதமாற்றம் முதலியன காரணங்களாகும். உலகைத் துறந்து துறவு நெறியில் புகுவதும் அவற்றுள் ஒன்று என்பதை நம்மவர் கருத வேண்டும். ஒருவர் தீட்சை பெற்றவுடன் மணம் தானே முறிந்துவிடுவதில்லை. மற்றவர் விரும்பினால் அக்காரணத்தால் மனுச் செய்யலாம் என்பதே பொருள்.

இருவரும் இசைந்து பிரிவதற்கு 1976-இல் வழி ஏற்பட்டது. ஓராண்டேனும் பிரிந்து வாழ்ந்திருத்தல் வேண்டும். மனுவுக்குப்பின் ஆறு மாதம் காத்திருத்தல் முறை. தக்க நிலையில் நீதிமன்றம் அதனைத் தளர்த்தலாம் என உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியது.

முத்திரைத்தாளில் எழுதி இரு வீட்டாரும் கையொப்பமிடும் 'விடுதலைப் பத்திரம்' மணத்தை முறிக்காது. தொன்றுதொட்ட வழக்கம் மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே விலக்கு உண்டு. அப்பத்திரத்தை நம்பிச் செய்யும் மறுமணம் செல்லாது, குற்றமும் ஆகும். அத்தகைய மணத்தில் பிறந்த குழந்தையைச் சட்டம் முறையான குழந்தையாகவே ஏற்கிறது என்பது ஓர் ஆறுதல்.

குழந்தைப் பொறுப்பு

1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருத்தல் வேண்டும். அதன்பின்னும் குழந்தையின் நலனே முதன்மை. தந்தையின் உரிமையோ, நிலபுலனோ, குடும்பப் பெருமையோ அன்று. ஒருவரிடம் குழந்தையை ஒப்படைப்பினும் மற்றவர் அதனைக் கண்டு பழக நீதிமன்றம் வகை செய்யலாம். காப்பாளர் மனுவை, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்தல் வேண்டும். பிறந்தகமாகிய தஞ்சைக்கு வந்துவிட்ட பெண், தான் வசிக்கும் இடத்திலேயே மணமுறிவு மனுச் செய்ய 2003 முதல் சட்டம் இடமளிக்கிறது.

வாழ்க்கைப் பொருளும் பங்கும்

வழக்கு நடக்கையிலேயே இடைக்கால வாழ்க்கைப்பொருள் கோரலாம். வருவாயற்ற கணவனும் கோரலாம். பெண் தன் பிறந்தகத்துக் கூட்டுக்குடும்ப நஞ்சையில் பெற வேண்டிய பங்கு வேறு, கணவன் தர வேண்டிய வாழ்க்கைப்பொருள் வேறு. தமிழ்நாடு 1989-இல் மகளுக்குப் பங்குரிமை தந்தது. ஆயினும் அதற்கு முன் மணமானோர் விலக்கப்பட்டனர். 2005-ஆம் ஆண்டின் மையச் சட்டத்தில் அவ்விலக்கு இல்லை. ஆதலின் "உனக்குத்தான் வயல் உண்டே" எனக் கூறி வாழ்க்கைப்பொருளை மறுப்பதும், "சீர் செய்தோமே" எனக் கூறி வயலை மறுப்பதும் முறையன்று.

பெரியோர் செய்யத்தக்கது

இணக்கம் ஏற்பட முயலுங்கள். இயலாவிடில் நீதிமன்றத்துக்கு வழிகாட்டுங்கள். பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுக. பிரியும் இருவரும் ஒருவரையொருவர் வருத்தாது பிரியுமாறு துணை நிற்பதும், குழந்தையின் உள்ளம் புண்படாது காப்பதும் அகிம்சையின் பாற்பட்டனவே.