கீழாநெல்லி போதுமா?

மஞ்சள் காமாலையா? உடனே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடிக்கிறீர்கள், இல்லையா? சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கீழாநெல்லிச் சாறு ஹெபடைடிஸ்-பி வைரஸ் பெருக உதவும் என்ஸைமைத் தடுப்பதைச் சோதனைக்கூடத்தில் கண்டார்கள். 1988-ல் சென்னை டாக்டர் தியாகராஜன் குழு வெளியிட்ட ஆய்வில், 30 நாள் இம்மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்! ஆனால், பிற்பாடு வெளிநாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பாட்டி வைத்தியத்தில் குணமானதே என்பீர்கள். ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பேர் பச்சிலைக்கு! பி, சி வகைகளோ சத்தமில்லாமல் பல வருஷம் ஈரலை அரிக்கும். சி-யைக் குணப்படுத்தவும் பி-யைக் கட்டுப்படுத்தவும் இன்று மாத்திரைகள் உண்டு. பி-க்குத் தடுப்பூசியும் உண்டு. பச்சிலையை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.