மேக்ரோ ஒரு குட்டி ஃபங்ஷனா?

நம்பிக்கை: மேக்ரோவும் ஃபங்ஷன் மாதிரிதான்.

உண்மை: சி மொழி படிப்பவர்களை அதிகம் தடுக்கி விழவைப்பது இந்த எண்ணம்தான். வர்க்கம்(அ) என்றொரு மேக்ரோவை அ * அ என்று எழுதுகிறோம். 3 கொடுத்தால் 9 வருகிறது. நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். 1 + 2 கொடுத்தால் 5 வருகிறது! ஃபங்ஷனாக இருந்தால் முதலில் கூட்டி, 3 ஆக்கித்தான் உள்ளே அனுப்பியிருக்கும். மேக்ரோவுக்குக் கூட்டத் தெரியாது. கம்பைலர் இலக்கணம் பார்க்கத் தொடங்கும் முன்பே ப்ரீபிராசசர் வந்து, அ இருந்த இடங்களில் நாம் கொடுத்ததை அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுகிறது. கம்பைலர் கையில் கிடைப்பது 1 + 2 * 1 + 2. பெருக்கல் முந்திக்கொள்வதால் 5.

நம்பிக்கை: அடைப்புக்குறி போட்டுவிட்டால் போதும்.

உண்மை: போடத்தான் வேண்டும், ஒவ்வொரு அ-வுக்கும் தனியாக ஒன்று, மொத்தத்துக்கும் ஒன்று. ஆனால் இரண்டில் பெரியதைத் தரும் மேக்ரோவுக்கு ஐ++ கொடுத்துப் பாருங்கள். ஒப்பிடும்போது ஒரு முறை கூடும். அதுவே பெரியதென்றால் விடையாக வரும்போது மறுபடியும் கூடும். இதற்கு அடைப்புக்குறி மருந்தல்ல. 1999 தரத்திலேயே சி மொழிக்கு இன்லைன் ஃபங்ஷன் வந்துவிட்டது. அது போதுமான இடத்தில் மேக்ரோ எழுதவே எழுதாதீர்கள்.

நம்பிக்கை: பயன்படுத்திய வரியில்தான் தவறு.

உண்மை: அளவு என்ற மேக்ரோவை 10; என்று செமிகோலனோடு எழுதிவிட்டால், அந்த வரியைப் படிக்கும்போது யாரும் புகார் சொல்வதில்லை. எங்கோ ஓர் அர்ரேயின் சதுர அடைப்புக்குள் அந்தச் செமிகோலன் போய் விழும்போதுதான் கம்பைலர் கத்துகிறது. ஜிசிசியும் க்ளாங்கும், எந்த மேக்ரோ விரிந்தபோது இப்படி ஆனது என்று பிழைச்செய்திக்குக் கீழேயே ஒரு குறிப்புத் தருகின்றன. அதைப் படிக்காமலே திரையை நகர்த்திவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

அதிலும் பிடிபடாவிட்டால் ஊகிக்க வேண்டாம். ஜிசிசியை ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஈ’ சுவிட்சோடு ஓட்டினால், மேக்ரோக்கள் எல்லாம் விரிந்த புரோகிராமைக் காட்டிவிடும். ஹெடர் ஃபைல்கள் நூற்றுக்கணக்கான வரிகளைக் கொட்டும், மிரளாதீர்கள். நீங்கள் எழுதியது கடைசியில் இருக்கும்.

நம்பிக்கை: ரஸ்ட்டுக்கு மாறினால் இந்தத் தொல்லையே இல்லை.

உண்மை: பாதி சரி. ரஸ்ட் மேக்ரோவுக்கு ஒரு கோவையைக் கொடுத்தால் அதை ஒரே அலகாக வைத்துக்கொள்ளும். 5 வந்த குளறுபடி அங்கே நேராது. ஆனால் அதே கோவையை மேக்ரோவுக்குள் இரண்டு இடத்தில் எழுதினால் அது இரண்டு முறைதான் ஓடும். முதலிலேயே ஒரு மாறியில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழி. விரித்துப் பார்க்க அங்கே கார்கோ எக்ஸ்பாண்ட் இருக்கிறது. அதைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.