பழைய ஐ.சி.க்களுக்கு என்ன வேலை கொடுப்பது?

காயலான் கடையில் பழைய போர்டுகளை எடைக்கு வாங்கி, ஐ.சி.க்களைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, "இதையெல்லாம் வைத்து என்ன செய்யலாம் சார்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு:

1. முதுகில் இருப்பதைப் படியுங்கள். அங்கே பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பெயர், மற்றது தயாரான தேதி. தேதியில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 1974-இன் 32-ஆவது வாரத்தில் செய்ததில் 7432 என்று இருக்கும். ஆனால் 7432 என்பது 'ஆர்' கேட் ஐ.சி.யின் பெயரும்கூட. எது எது என்று தெரியாமல் கரன்ட் கொடுக்காதீர்கள்.

2. வேலையை முடிவுசெய்வது குடும்பம்தான். டி.டி.எல். குடும்பமான, நடுவில் எழுத்தே இல்லாத பழைய 7400 வரிசைக்கும், எல்.எஸ். வகைக்கும் 5 வோல்ட்தான் சாப்பாடு. 4.75-க்குக் கீழேயோ 5.25-க்கு மேலேயோ போகக் கூடாது. 9 வோல்ட் பேட்டரி அவற்றுக்கு விஷம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் சார்ஜர் போதும். பேட்டரியில் ஓட வேண்டியதற்கு 4000 வரிசையை எடுங்கள். 3 முதல் 15 வோல்ட் வரை தாங்கும், கரன்ட்டையும் மிகக் குறைவாகவே இழுக்கும். எழுத்தில்லாத ஒரு 7400-ஓ சும்மா இருக்கும்போதே 8 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும்.

3. 14 கால் ஐ.சி. என்றாலே 7 எர்த், 14 ப்ளஸ் என்று நினைக்காதீர்கள். 7490, 7493 இரண்டிலும் ப்ளஸ் 5-ஆவது காலில், எர்த் 10-ஆவதில். 7473-இல் 4, 11.

4. ஒவ்வொரு ஐ.சி.க்கும் பக்கத்திலேயே ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். இதில் விவாதம் இல்லை.

5. கழற்றியதைச் சோதிக்காமல் போர்டில் வைக்காதீர்கள். 7400-க்கு 5 வோல்ட் மட்டும் கொடுத்து, இன்புட்டுகளைத் தொடாமல் விடுங்கள். டி.டி.எல். குடும்பத்தில் அந்தரத்தில் தொங்கும் இன்புட் 'ஹை'யாகவே எண்ணப்படும் என்பதால், நான்கு அவுட்புட்டும் 'லோ' காட்ட வேண்டும். காட்டாதது கழிவு. 4000 வரிசையில் இந்தச் சோதனை செல்லாது. அங்கே தொங்கும் இன்புட் நினைத்தபடி ஆடும். பயன்படாத இன்புட்டை ப்ளஸிலோ எர்த்திலோ கட்டிவிடுங்கள்.

எல்.இ.டி. வைப்பதானால் ப்ளஸிலிருந்து ரெசிஸ்டர் வழியாக அவுட்புட்டுக்கு இழுங்கள். பழைய டி.டி.எல். 16 மில்லி ஆம்பியரை உள்ளே வாங்கும், வெளியே தருவதற்கோ 0.4-தான் உத்தரவாதம்.

6. இனி வேலைகள். 7490, 7447, ஒரு காமன் ஆனோடு டிஸ்ப்ளே மூன்றும் கிடைத்தால் எண்ணும் கருவி தயார். 7490-இன் 12-ஆவது காலை 1-உடன் சேர்த்து, பல்ஸை 14-இல் கொடுங்கள். எண் 9-இலேயே உட்கார்ந்துகொண்டால் 6, 7 கால்களை எர்த் செய்யவில்லை என்று அர்த்தம். நொடிக் கணக்கு வேண்டுமா? 4060-உடன் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலை வையுங்கள். கடைசி அவுட்புட்டில் நொடிக்கு 2 துடிப்பு வரும். 4013-இன் ஒரு பாதி அதை ஒன்றாக்கிவிடும். பழைய குவார்ட்ஸ் கைக்கடிகாரத்திலேயே அந்தக் கிரிஸ்டல் கிடைக்கும். ஷ்மிட் வகையான 40106-இல் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் போட்டால் பீப் சத்தத்துக்கு ஆஸிலேட்டர் தயார். அதே வேலையை 74எல்.எஸ்.14-இடம் வாங்க ரெசிஸ்டரை 1 கிலோ ஓமுக்குள் வையுங்கள்.

74181 கிடைத்தால் அதிர்ஷ்டம். நான்கு பிட் கணக்குப் போடும் அந்த ஐ.சி.யில் நான்கைத்தான் 1973-இன் ஜெராக்ஸ் ஆல்ட்டோ கம்ப்யூட்டர் வைத்திருந்தது. ஸ்விட்ச், எல்.இ.டி. மட்டும் கட்டி அதைக் கூட்டவும் கழிக்கவும் வையுங்கள்.

7. பழைய டி.டி.எல். அவுட்புட்டை 74எச்.சி. வகையின் இன்புட்டில் நேராகக் கோக்காதீர்கள். அது தரும் 'ஹை' 2.4 வோல்ட் வரை இறங்கலாம். இது கேட்பது 3.5. எச்.சி.டி. வகையைப் போடுங்கள், அல்லது ப்ளஸுக்கு ஒரு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர்.

8. "இதையெல்லாம் ஒரு ஆர்டுவினோ செய்யாதா?" செய்யும், மலிவாகவும் செய்யும். ஆனால் 1972-இல் அட்டாரியின் பாங் விளையாட்டு ப்ராசஸரே இல்லாமல் இந்த மாதிரி ஐ.சி.க்களில்தான் ஓடியது. பந்து எப்படி நகர்ந்தது என்று காலுக்குக் கால் தொட்டுப் பார்க்க முடியும். அந்த ருசி வேண்டாதவர் ஆர்டுவினோவே வாங்கலாம், தப்பில்லை.

9. முதுகைச் சுரண்டியது, கம்பெனி தனக்கு மட்டும் புரியும் எண்ணை அச்சடித்தது, அசிட்டோன் தொட்டதும் எழுத்து கரைவது, இவையெல்லாம் டப்பாவில் இடம் அடைக்க வேண்டாம்.