நகராண்மைக் கழக உறுப்பினராவது எப்படி?

"அடுத்த நகராண்மைத் தேர்தலில் நானும் நிற்கலாமா?" என்று தோட்டத்து இளைஞர்கள் கேட்பதுண்டு. ஊர்ப் பொறுப்பை ஏற்க முன்வரும் அந்த ஆர்வம் பாராட்டுக்குரியது. ஆயினும் கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. நம் நாட்டில் இன்று நகராண்மைக் கழகத்திற்கோ மாவட்ட மன்றத்திற்கோ தேர்தல் நடைபெறுவதில்லை. சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் வாக்களிக்கிறோம். நம் வீட்டு வாசலில் ஓடும் கால்வாயைக் கவனிக்கும் மன்றத்திற்கு வாக்குச் சீட்டு இல்லை. அதன் உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. ஆகவே வேட்பு மனு, வைப்புத் தொகை, சின்னம் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. உறுப்பினராவதற்கு வேறு வழி உண்டு. அவ்வழியை அறியாமலேயே நம்மவர் பலர் வெளியில் நின்று விடுகின்றனர்.

முன்பு தேர்தல் இருந்தது. 1951ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜார்ஜ் டவுனிலும், 1952ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல்கள் நடந்தன. பிறகு மற்றப் பட்டணங்களும் அவ்வழியில் வந்தன. ஈப்போவில் வட்டாரம் வட்டாரமாக வேட்பாளர்கள் வீடுதோறும் சென்று வாக்குக் கேட்ட காலத்தைப் பெரியவர்கள் இன்றும் நினைவு கூர்வார்கள். அந்நகரின் வழக்கறிஞர்களான டி. ஆர். சீனிவாசகம், எஸ். பி. சீனிவாசகம் சகோதரர்கள் 1953இல் தோற்றுவித்த மக்கள் முற்போக்குக் கட்சி, ஈப்போ மன்றத் தேர்தல்களில் வென்று நகர நிருவாகத்தைக் கையில் வைத்திருந்தது. டி. ஆர். சீனிவாசகத்தின் பெயரில் ஈப்போவில் ஒரு பூங்கா இருப்பதை நேயர்கள் அறிவார்கள்.

அந்தக் காலத்திலும் தோட்டப் பாட்டாளிக்கு அதில் பங்கு மிகக் குறைவு. 1952ஆம் ஆண்டின் ஊர் மன்றச் சட்டத்தின்கீழ்ப் புதுக் கிராமங்கள் பல தமக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களைப் பெற்றன. நம் லயங்களோ கம்பெனி நிலத்தில் இருந்தன. சாலை, குழாய், விளக்கு, ஆயாக் கொட்டகை யாவும் துரையின் பொறுப்பு. பிரட்டுக் களத்தில் முறையிட்டுப் பழகிய நமக்கு, மன்றத்தில் முறையிடும் பழக்கம் வர வாய்ப்பே ஏற்படவில்லை. நம்மவரின் பின்னடைவுக்கு இதுவே பெருங்காரணம் என்று நாம் கருதுகிறோம்.

இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய காலத்தில், 1965ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. ஊராட்சி மன்றங்களின் நடைமுறையை ஆராய்ந்த அவ்வாணையம் 1968இல் அறிக்கை அளித்தது. மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதே அதன் பரிந்துரை. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தல் முறையை முடிவுக்குக் கொண்டு வந்து, நியமன முறையை நிலைநிறுத்தியது. பின்னாளில் பினாங்கு மாநிலம் தேர்தலை மீண்டும் நடத்தத் தனிச் சட்டம் இயற்றிற்று. அதற்கு மாநிலத்திற்கு அதிகாரமில்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி, நியமனம் எப்படி நடைபெறுகிறது என்று பார்ப்போம்.

பேராக் மாநிலத்தில் 15 ஊராட்சி மன்றங்கள் உள்ளன. 1988ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் மாநகராக உயர்ந்த ஈப்போவுக்கு டத்தோ பண்டார் தலைவர். தைப்பிங், கோலகங்சார் போன்ற நகராண்மைக் கழகங்களுக்கும் மாவட்ட மன்றங்களுக்கும் யாங் டி-பெர்துவா தலைவர். தலைவர் நீங்கலாக ஒரு மன்றத்தில் 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மிகாமலும் உறுப்பினர்கள் இருக்கலாம். ஒருவரை ஒரு தடவையில் மூன்றாண்டுக்கு மேற்படாத காலத்திற்கு நியமிக்கலாம். மறுபடியும் நியமிக்கவும் தடையில்லை.

யாரை நியமிக்கலாம்? சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்வதை நேயர்கள் நன்றாக மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும். உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் அந்த ஊராட்சி எல்லைக்குள் வாழ்பவராக இருத்தல் வேண்டும். ஊராட்சி விவகாரங்களில் அனுபவம் மிக்கவர், அல்லது ஒரு தொழிலிலோ வாணிபத்திலோ சிறந்து விளங்குபவர், அல்லது தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கும் ஆற்றல் உடையவர் என்று மாநில அரசாங்கம் கருதுபவராக அவர் இருக்கலாம். பட்டம் பெற்றவர்தாம் உட்காரலாம் என்று சட்டம் சொல்லவில்லை. பால்மரம் வெட்டியவரும் மூன்றாவது தகுதியால் அந்த நாற்காலிக்கு உரியவரே.

சட்டம் ஒருபுறமிருக்க, நடைமுறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாநிலத்தை ஆளும் கட்சிகள் தமக்குள் இடங்களைப் பங்கிட்டுக் கொண்டு பெயர்களைக் கொடுப்பதே வழக்கமாக இருந்து வருகிறது. ஆட்சி மாறினால் பட்டியலும் மாறுகிறது. பினாங்கு, சிலாங்கூர் போன்ற மாநிலங்களில் 2008ஆம் ஆண்டுக்குப் பிறகு பொது இயக்கங்களைச் சேர்ந்தவர்களுக்கும் சில இடங்கள் தரப்பட்டன. ஆகவே கட்சிக் கிளை ஒரு வாசல். சங்கம், இயக்கம் மற்றொரு வாசல். எவ்வாசலில் நுழைந்தாலும், பெயர் பரிசீலிக்கப்படும் நேரத்தில் "இவர் அந்த வட்டாரத்தில் என்ன செய்திருக்கிறார்?" என்ற கேள்வி எழும். அதற்கான விடை ஓரிரு வாரத்தில் தயாராவதன்று.

முதலில் எல்லையை அறிந்து கொள்ளுங்கள். இதில்தான் நம்மவர் பெரிதும் தடுமாறுகின்றனர். இன்னும் தோட்ட லயத்தில் குடியிருப்பவருக்கு வீடு, குடிநீர், கழிவுநீர் வசதி ஆகியவற்றைத் தர வேண்டியவர் முதலாளி. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டத்தின்கீழ் அதனைக் கண்காணிப்பது தொழிலாளர் இலாகா. லயத்துக் கால்வாய்க்காக நகராண்மைக் கழகத்தின் கதவைத் தட்டினால், "அது தனியார் நிலம்" என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். ஆனால் தோட்டம் விற்கப்பட்டோ துண்டாடப்பட்டோ, மலிவு விலை வீட்டிற்கும் தாமானுக்கும் குடிபெயர்ந்து விட்டால் நிலைமை அடியோடு மாறுகிறது. கிந்தாப் பள்ளத்தாக்கிலும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் ரப்பர்த் தோட்டங்களை விட்டு இவ்வாறு வெளியேறிய குடும்பங்கள் எத்தனையோ! துரையிடம் சொல்லிப் பழகியவர்கள் அன்று முதல் மதிப்பீட்டு வரி செலுத்தும் குடிமக்களாகி விட்டார்கள். பழைய எசமான் போய் விட்டான். புதிய மன்றத்தில் பேச ஆள் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பவே நம்மவர் மன்றத்தில் அமர வேண்டும் என்கிறோம்.

அடுத்து, ஓர் அமைப்பை உருவாக்குங்கள். ஏழு பேர் சேர்ந்தால் சங்கப் பதிவதிகாரியிடம் குடியிருப்பாளர் சங்கமொன்றைப் பதிய விண்ணப்பிக்கலாம். 1975 முதல் இயங்கி வரும் ருக்குன் தெத்தாங்காவில் சேர்ந்தும் பணியாற்றலாம். அங்கு மலாய்க்காரரும் சீனரும் உடன் இருப்பார்கள். அதுவே ஒரு பெரிய நன்மை. கால்வாய் அடைத்தால் மூன்று இனத்தார் வீட்டிலும் தண்ணீர் ஏறும். மூவரும் கையொப்பமிட்ட மனுவை எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்கி விட மாட்டார்.

மனுவை மலாய்மொழியில் எழுத வேண்டும். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர் இதற்காகத் தயங்க வேண்டியதில்லை. இடைநிலைப்பள்ளியில் பயிலும் பிள்ளை வீட்டிலேயே இருக்கிறது. உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். மனு ஒரு பக்கத்திற்கு மேல் போகக் கூடாது. எந்தச் சாலை, எத்தனையாம் எண் வீட்டிலிருந்து எத்தனையாம் எண் வீடு வரை, எந்த நாளிலிருந்து பழுது, எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்பட்டன என்பனவற்றை எழுதிப் புகைப்படத்தை இணையுங்கள். "எங்கள் பகுதியில் கால்வாய் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் உறங்கும். கொடுத்த மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக் கொள்ள மறவாதீர்கள்.

ஒரு தடித்த குறிப்பேடு வாங்கி இவற்றையெல்லாம் பதிந்து வாருங்கள். எந்த நாளில் கொடுத்தோம், யார் பதில் சொன்னார், எந்த நாளில் வேலை நடந்தது என்பது அதில் இருக்கட்டும். இரண்டு ஆண்டுக் குறிப்பேடு ஒன்று, பத்து மேடைப் பேச்சுகளைவிட வலிமை வாய்ந்த நற்சான்றாகும்.

மன்றக் கூட்டத்திற்குச் சென்று பாருங்கள். மன்றம் வேறு வகையாகத் தீர்மானித்தாலன்றிப் பொதுக் கூட்டங்கள் மக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை என்று சட்டம் கூறுகிறது. துணைக் குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. மன்றச் செயலாளர் அலுவலகத்தில் தேதியை முன்கூட்டிக் கேட்டுக் கொண்டு போவது நல்லது. யார் எதைக் கேட்கிறார், எதற்குப் பதில் கிடைக்கிறது, எது நழுவி விடுகிறது என்பதை அங்கேதான் கற்க முடியும்.

வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கக் கற்பதும் அவசியம். பயப்பட வேண்டாம். தராசில் பாலை நிறுத்து, ரப்பர்ச் சத்து எத்தனை விழுக்காடு என்று கிராணி எழுதுவதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருந்தவர் நம் பாட்டாளி. கணக்கில் காற்புள்ளி இடம் மாறினால் சம்பளம் மாறும் என்று அவருக்குத் தெரியும். மன்றத்தின் கணக்கும் அது போன்றதே: மதிப்பீட்டு வரி, உரிமக் கட்டணம், மாநில, மத்திய அரசாங்கங்களின் மானியம் ஆகியவை வரவு, சாலை, கால்வாய், விளக்கு, துப்புரவு, சம்பளம் ஆகியவை செலவு. நம் வட்டாரத்திற்கு எத்தனை வெள்ளி ஒதுக்கப்பட்டுள்ளது என்று கேட்கத் தெரிந்தவரே மன்றத்தில் பயன்படுவார்.

மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரி மாத முடிவுக்குள்ளும் ஆகஸ்டு மாத முடிவுக்குள்ளும் செலுத்தப்படுகிறது. புதிய மதிப்பீட்டு அறிவிப்பு வந்து, அது மிகையாகத் தோன்றினால், விசாரணைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்கலாம். அறிவிப்பை மடித்துப் பெட்டியில் வைத்து விட்டுப் பிறகு புலம்புவோர் பலர். இதனை வீடு வீடாகச் சென்று எடுத்துரைப்பவர், உறுப்பினர் பதவி இல்லாமலேயே உறுப்பினரின் வேலையில் பாதியைச் செய்தவராவார்.

இவ்வளவும் செய்த பின்னர், புதிய தவணைக்குச் சில மாதங்களுக்கு முன்பே பெயரைக் கொடுக்க வேண்டும். தன்விவரம் ஒரு பக்கம், செய்த பணிகளின் பட்டியல் ஒரு பக்கம், சங்கத்தின் ஆதரவுக் கடிதம் ஒன்று. வட்டாரச் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரு பிரதியும், கட்சியில் இருப்பவர் தம் கிளையின் வழியாக ஒரு பிரதியும் கொடுக்கலாம். சங்கம் பெயர் எழுதும்போது மாதர்களையும் எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் நிரை பிடித்து வெட்டியவர்களில் பாதிப் பேர் பெண்கள். பட்டியல் எழுதும்போது மட்டும் அவர்கள் எங்கே மறைந்து போகிறார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

முதல் தடவையிலேயே கிடைத்து விடும் என்று உறுதி கூற இயலாது. வேறொருவர் நியமனம் பெற்றால், அவர் யாராயினும் சென்று கண்டு, குறிப்பேட்டில் தீராமல் நிற்கும் மனுக்களை அவரிடம் காட்டுங்கள். கிடைத்து விட்டால் மாதாந்தரக் கூட்டத்திற்குத் தவறாமல் செல்லுங்கள். தமக்கோ தம் குடும்பத்தாருக்கோ ஆதாயம் உள்ள குத்தகை விவாதத்திற்கு வந்தால், அதனை வெளிப்படையாக அறிவித்து விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். தவணை முடியும் நாளில் அந்தக் குறிப்பேட்டை வீட்டு அலமாரியில் பூட்டாமல், அடுத்து வருபவரிடமோ சங்கச் செயலாளரிடமோ ஒப்படையுங்கள். அதில் எழுதியுள்ள கால்வாய்களில் சில அப்போதும் அடைத்துத்தான் இருக்கும்.